சாஸ்திரியார் பாட்டைப் பாடலாமா?

கேள்வி: ஐயா, எங்க சர்ச் கொயர்ல வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனை நிறைய பாடுவோம். அவரு சபைக்குள்ள சாதி இருக்கணும்னு வாதாடினவராம், காலேஜ்ல படிக்கிற எம்பொண்ணு ஒரு கட்டுரைய காட்டுறா, இனிமே அந்தப் பாட்டுக்கு வாயே திறக்க மாட்டேங்கிறா. அவகிட்ட என்ன சொல்ல?
- ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: பொண்ணு சொல்றது நெஜந்தாம்மா, மொதல்ல அத ஒத்துக்குங்க. சாஸ்திரியார் உங்க ஊர்ல 1774ல பொறந்து, ஜெர்மன் மிஷனரி சுவார்ச் ஐயர் தஞ்சாவூருக்கு கூட்டிட்டுப் போயி வளர்த்து, சரபோஜி ராஜாவோட படிச்ச மனுஷன். பெத்லகேம் குறவஞ்சின்னு எழுதி, குறி சொல்ற குறத்தியையும் வலை போட்டு பறவை பிடிக்கிற சிங்கனையும் அப்படியே சுவிசேஷத்துக்குள்ள கொண்டு வந்தாரு பாருங்க, அந்த துணிச்சல் இன்னைக்கும் நம்ம ஆளுங்களுக்கு வராது.

ஆனா 1820கள்ல புதுசா வந்த மிஷனரிங்க, எல்லாரும் கலந்து உக்காருங்க, அப்பமும் ரசமும் பகிர்ந்துக்கிற திருவிருந்துல சாதி பாக்காதீங்கன்னு சொன்னதும் வெள்ளாளரான இவருக்கு கோவம் வந்துருச்சு. இவங்க பண்றது நாலு கொடுமைன்னு எழுதினாரு: பழைய வேதாகம மொழிபெயர்ப்ப மாத்துறாங்க, சாதிய கலக்குறாங்க, பூ வைக்கக்கூடாதுங்குறாங்க, கோயில்ல தமிழ்ப் பாட்டு கூடாதுங்குறாங்க. கவனிச்சீங்களா, இன்னைக்கு நீங்க ராகம் தாளத்தோட பாடுறீங்களே அதுக்காக சண்டை போட்ட அதே பேனாதான் சாதிக்கும் வக்காலத்து வாங்கியிருக்கு, அவரப் பொறுத்தவரைக்கும் எல்லாமே நம்ம வழக்கம்னு ஒரே மூட்டை. பிரிச்சு எடுத்துக்க வேண்டியது நாமதான். பாட்ட வச்சுக்கலாம், சாதிய தூக்கிப் போடலாம். அவரு காலம் அப்படின்னு சப்பைக்கட்டு மட்டும் கட்டாதீங்க, ஏன்னா அதே காலத்துலதான் 1833ல கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபையில சாதி அடியோட ஒழியணும்னு எழுதினாரு, அதுக்கு தஞ்சாவூர்லயும் வேப்பேரியிலயும் நிறைய பேரு சபைய விட்டே வெளிய போனாங்க, சாதிய விடல!

அதனால பாடுங்க, பாடுறதுக்கு முன்னாடி அவரப் பத்தி ரெண்டு வார்த்தை பேசுற வழக்கம் உங்க சர்ச்ல இருந்தா இந்தக் கதையையும் சேர்த்து சொல்லுங்க. பொண்ண கொயர்ல நிக்கச் சொல்லி கட்டாயப்படுத்தாதீங்க. இன்னொண்ணு, நாளைக்கு அவளுக்கு மாப்பிள்ளை தேடி பேப்பர்ல விளம்பரம் குடுக்குறப்போ சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை)ன்னு போட்டு பக்கத்துலயே சாதியையும் போடுவீங்களான்னு கேப்பா, அதுக்கும் பதில் ரெடி பண்ணி வச்சுக்குங்க.