வெள்ள நாளில் தார்ப்பாய் என்ன விலை?

கேள்வி: தூத்துக்குடி மாவட்டத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன், சி.எஸ்.ஐ. கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவன். 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது கடையில் 40 தார்ப்பாய் இருந்தது. கொள்முதல் 900 ரூபாய், வழக்கமாக 1,100-க்குக் கொடுப்பேன். அன்று 1,800-க்கு விற்றேன். மூன்றாம் நாள் மதுரையிலிருந்து இன்னும் 60 வந்தது. ஒன்று 1,200, சுற்றுவழியில் வந்த வண்டிக்கு 6,000. அதையும் 1,800-க்கே விற்றேன். பி.காம். படித்த மகன், "தட்டுப்பாட்டில் விலை ஏறத்தான் செய்யும், அதில் பாவமில்லை" என்கிறான். மனைவி "அது சாபக் காசு" என்கிறாள். யார் சொல்வது சரி?

பதில்: ஐயா, சாபம் என்ற வார்த்தை வேதத்தில் இருக்கிறது. "தானியத்தைக் கட்டிவைக்கிறவனை ஜனங்கள் சபிப்பார்கள், விற்கிறவனுடைய தலையின்மேல் ஆசீர்வாதம் தங்கும்" (நீதிமொழிகள் 11:26). ஆசீர்வாதம் விற்கிறவனுக்கு என்றுதான் இருக்கிறது. சும்மா கொடுக்கிறவனுக்கு என்று இல்லை. வெள்ளத்தில் நீங்கள் கடையைத் திறந்ததும், சரக்கைப் பதுக்காததும் நல்ல காரியம். அதை உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள்.

மகனுக்கும் ஆதரவு உண்டு. 16-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினின் சலமாங்காவில் இருந்த இறையியலாளர்கள், ஊரார் மதிப்பில் சந்தையில் படிகிற விலையே நியாய விலை என்றார்கள். ஆனால் வஞ்சகமும் ஏகபோகமும் கலக்காத சந்தைக்குத்தான் அந்தப் பேச்சு. சாலை அறுந்த இரண்டு நாளில் தெருவில் திறந்திருந்த ஒரே கடை உங்களுடையது என்றால், அங்கே சந்தை ஏது? விலை ஏறினால் வெளியூர்ச் சரக்கு தேடி வரும் என்பது மகன் படித்த பாடம். வண்டி வர வழியே இல்லாதபோது 1,800 என்றாலும் 3,000 என்றாலும் ஒரு தார்ப்பாய்கூடக் கூடுதலாக வராது. காசு மட்டும்தான் கை மாறும்.

13-ஆம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் இதற்கு ஓர் அளவுகோல் தந்தார். பொருளை விட்டுக்கொடுப்பதால் விற்பவருக்கு நஷ்டம் என்றால் அதை விலையில் சேர்க்கலாம். வாங்குபவரின் தவிப்பு அவருடையது. அதற்கு விலை போட விற்பவருக்கு உரிமையில்லை.

உங்கள் கணக்கை அப்படிப் போட்டுப் பார்ப்போம். பழைய 40-க்கு 36,000. புதிய 60-க்கு, வண்டி வாடகை சேர்த்து, 78,000. மொத்தம் 1,14,000, சராசரி அடக்கம் 1,140. வழக்கமான லாபம் 200 சேர்த்தால் 1,340. இதில் பலர் இடறுவார்கள்: பழைய சரக்கு என்று 1,100-க்கே விற்றுவிட்டால் 44,000 ரூபாய்தான் கையில் நிற்கும், மறுபடி 40 வாங்க, வாடகையோடு ஒன்று 1,300 வீதம், 52,000 வேண்டும். அடுத்த லோடு எடுக்க முடியாத கடையால் ஊருக்கு என்ன பயன்? பாதை சீக்கிரம் திறந்து 10 தேங்கி, 1,000-க்குத் தள்ள வேண்டி வந்தால் 3,400 குறையும். அதை மற்ற 90-இல் பரப்பினால் ஒன்றுக்குச் சுமார் 40. ஆக 1,380 வரை நியாயம். லோடுமேன்களுக்குக் கூடுதல் கூலி கொடுத்திருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இனி மழைக்கு முன்பே மொத்த வியாபாரியிடம் போனில் விலை கேட்டு, கொள்முதல், வாடகை, லாபம் மூன்றையும் பலகையில் எழுதி வையுங்கள். வீட்டுக்கு ஒன்று என்று கட்டுப்படுத்துங்கள். இல்லையென்றால் முதலில் வருபவர் பத்தை அள்ளிக்கொண்டு போய்த் தெருமுனையில் 2,000-க்கு விற்பார்; உங்கள் நியாயம் அவருக்கு லாபமாகிவிடும். மெழுகுவர்த்தி, பேட்டரி போன்றவற்றுக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. உறையில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் வாங்கினால் சட்டப்படி குற்றம்.

காசே இல்லாமல் நிற்பவர்களை விலைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வயலின் ஓரத்தை எளியவனுக்கு விட்டுவிடச் சொல்கிறது லேவியராகமம் 19. நூற்றில் ஐந்தை ஒதுக்கினால் அடக்கம் 5,700 ரூபாய். அது உங்கள் லாபத்திலிருந்து போக வேண்டும், மற்றவர்களின் விலையில் ஏறக்கூடாது. சபையாருக்கு மட்டும் என்றும் ஒதுக்க வேண்டாம். அதற்காக எல்லாருக்கும் அடக்கத்துக்குக் கீழே கொடுத்து எதிர்க்கடைக்காரரைப் படுக்கவைப்பதும் ஆகாது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1760-இல் அச்சான தம் பிரசங்கத்தில் அதைச் சகோதர அன்புக்கு விரோதம் என்கிறார்.

நடந்து முடிந்ததற்கு: ஒன்றுக்கு 420 வீதம் 100-க்கு 42,000 அதிகம் வாங்கியிருக்கிறீர்கள். பில் புத்தகத்திலும் கடன் நோட்டிலும் பெயர் இருப்பவர்களுக்கு நேரில் போய்த் திருப்பிக் கொடுங்கள், அல்லது பாக்கியில் கழியுங்கள். ஆள் தெரியாதவர்களின் பங்கை அதே தெருக்களில் கூரை போனவர்களுக்குச் செலவிடுங்கள். மொத்தமாகக் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். இயேசுவைச் சந்தித்து மனம் திருந்திய வரிவசூல்காரன் சகேயு திருப்பித் தருவதாகச் சொன்னது ஏமாந்தவர்களுக்கும் ஏழைகளுக்கும்தான்.