ஓ.ஆர்.எஸ். கரைசலில் சர்க்கரை கூட்டலாமா?

கேள்வி: என் நாலு வயது மகனுக்கு நேற்றிலிருந்து வயிற்றுப்போக்கு. ஓ.ஆர்.எஸ். கொடுத்தால் உப்புக் கரிக்கிறது என்று துப்பிவிடுகிறான். இரண்டு ஸ்பூன் சர்க்கரை சேர்க்கலாமா? வெறும் தண்ணீர் போதாதா?

பதில்: சேர்க்காதீர்கள். பாக்கெட்டில் இருக்கும் குளுக்கோஸின் வேலை ருசி கூட்டுவதல்ல. உப்பைக் குடல் செல்லுக்குள் கூட்டிப் போவது.

செல்லைச் சுற்றியுள்ள சவ்வு கொழுப்பால் ஆனது. உப்பிலுள்ள சோடியமும் குளுக்கோஸும் நீரில் கரைபவை என்பதால் அந்தக் கொழுப்பைத் தாங்களாகத் தாண்ட முடியாது. சிறுகுடல் செல்களின் சவ்வில் இதற்கென்றே எஸ்.ஜி.எல்.டி.1 என்ற புரதம் பதிந்திருக்கிறது. இரண்டு சோடியம், ஒரு குளுக்கோஸ் என்று ஜோடி சேர்த்துத்தான் அது உள்ளே விடும். செல்லின் மறுபக்கத்தில் இன்னொரு புரதம், ஆற்றலைச் செலவழித்துச் சோடியத்தை ரத்தப் பக்கமாக இறைத்துக்கொண்டே இருக்கிறது. இப்படி உள்ளே சோடியம் குறைவதால்தான் குடலில் இருப்பது இறங்கி வருகிறது, குளுக்கோஸையும் இழுத்துக்கொண்டு. இவை போன பக்கம் தண்ணீரும் போகும். உலர்திராட்சை ஊறி உப்புகிற பள்ளிப் பாடம்தான் இது, சவ்வூடு பரவல்.

காலராவில்கூட இந்த வாசல் அடைபடுவதில்லை. 1971இல் வங்கதேச அகதிகள் தங்கியிருந்த மேற்கு வங்கத்தின் பன்கான் முகாமில் நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோக, மருத்துவர் திலீப் மஹலனோபிஸ் உப்பும் குளுக்கோஸும் கரைத்த நீரை டிரம்களில் வைத்துக் குடிக்கக் கொடுத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

சரி, சர்க்கரை கூடினால் என்ன? அந்தப் புரதம் ஓரளவுக்குத்தான் சுமக்கும். மிஞ்சிய சர்க்கரை குடலிலேயே தங்கி, உடம்பிலிருந்து தண்ணீரை அங்கே இழுக்கும். வயிற்றுப்போக்கு அதிகமாகும். உலக சுகாதார நிறுவனமே 2002இல் லிட்டருக்கு 20 கிராமாக இருந்த குளுக்கோஸை 13.5 கிராமாகக் குறைத்தது. பாட்டில் ஜூஸும் குளிர்பானமும் வேண்டாம் என்பது இதனால்தான். வெறும் தண்ணீர் இடையில் குடிக்கலாம். ஆனால் போன உப்பை அது ஈடுகட்டாது.

துப்புகிற பிள்ளைக்கு, கரைசலை ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிர்த்துப் பாருங்கள். கரிப்பு அவ்வளவாகத் தெரியாது. டம்ளரை நீட்டாமல் ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு மறுபடி மெதுவாக. ஒவ்வொரு முறை வெளிக்குப் போன பிறகும் 100 முதல் 200 மில்லி போகட்டும். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியும் நல்லது. மாவுச்சத்து மெல்ல மெல்லக் குளுக்கோஸாக உடைவதால் ஒரேயடியாகச் சேராது.

அப்புறம், பாக்கெட்டை ஒருமுறை திருப்பிப் படியுங்கள். ஒரு லிட்டருக்கானதை ஒரு டம்ளரில் கரைத்துவிட்டு உப்புக் கரிக்கிறது என்று வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படிக் கொடுப்பது ஆபத்து. கரைத்தது 24 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம்.

கண் குழிவிழுந்தாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, குடிக்கவே முடியாமல் துவண்டாலோ, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.