அயர்லாந்து முன்னோரைத் தேடுவோருக்கு: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் குடும்பம் திருச்சி பொன்மலை. எள்ளுத்தாத்தா மர்ஃபி 1850 வாக்கில் மதராஸுக்கு வந்த ஐரிஷ் படைவீரர் என்று பாட்டி சொல்வார். எங்கே தொடங்குவது?

பதில்: அயர்லாந்தில் தொடங்காதீர்கள். பாட்டியின் ஞானஸ்நானப் பதிவு, அவருடைய பெற்றோரின் திருமணப் பதிவு என்று ஒவ்வொரு படியாகப் பின்னால் போங்கள்.

அடுத்து, அவர் கம்பெனிப் படையா (கிழக்கிந்தியக் கம்பெனியின் சொந்தப் படை), ராணியின் படையா (பிரிட்டிஷ் அரசின் படை)? இதுதான் முக்கியம், ஏனென்றால் காகிதங்கள் இருக்கும் இடமே வேறு. கம்பெனியின் மதராஸ் ஐரோப்பிய ரெஜிமென்ட்டில் ஐரிஷ்காரர்கள் ஏராளம். அது 1862இல் 102ஆம் ரெஜிமென்ட்டாகி, 1881இல் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸில் சேர்ந்தது. கம்பெனி வீரர்களின் ஆள்பட்டியல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில், இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் உள்ளன. மதராஸ் தேவாலயப் பதிவுகளின் நகல்களும் அங்கேதான், 'என்/2' வரிசையில்.

ராணியின் படை என்றால் லண்டன் கியூவில் உள்ள பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம், 'டபிள்யூஓ 97' வரிசை. அதிலுள்ள விடுவிப்புத் தாளில் (படையிலிருந்து விலகும்போது எழுதியது) பிறந்த பங்கு (பாரிஷ் எனும் ஊர்ப்பகுதி), வயது, உயரம், முன்பு செய்த தொழில் எல்லாம் இருக்கும். ஆனால் அந்தக் காலத்துக்கு, பென்ஷனோடு வெளியேறியவர்களின் தாள்கள்தான் அதில் உண்டு. பணியிலேயே இறந்தவரை மஸ்டர் ரோலில், அதாவது படையின் ஆள்பட்டியலில், தேடுங்கள்.

ஒன்றை மறக்காதீர்கள்: ஊர்ப்பெயர் கிடைக்காமல் அயர்லாந்துப் பதிவுகளைத் திறக்க வேண்டாம். அங்கே மிக அதிகம் பேர் வைத்திருக்கும் குடும்பப்பெயரே மர்ஃபிதான்.

கேள்வி: இணையத்தில் ஒருவர் போட்டிருக்கும் வம்சாவளி எங்களுடையதோடு அப்படியே பொருந்துகிறது. சேர்த்துக்கொள்ளலாமா?

பதில்: பதிவைக் கண்ணால் பார்க்கும்வரை வேண்டாம்.

கேள்வி: அயர்லாந்தின் 1881 சென்சஸ் எங்கே கிடைக்கும்?

பதில்: எங்கும் கிடைக்காது. முழுதாக இருப்பதில் பழையவை 1901, 1911 இரண்டும்தான். இலவசமாகவே பார்க்கலாம்.

கேள்வி: 1922 தீயில்தானே 1881 எரிந்தது? எல்லாமே போனபின் தேடி என்ன பயன்?

பதில்: இந்தப் பேச்சைக் கேட்டே எத்தனையோ பேர் தேடலைக் கைவிட்டார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1922 ஜூன் 30 அன்று டப்ளின் ஃபோர் கோர்ட்ஸில் ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது உண்மை. 1821 முதல் 1851 வரையிலான சென்சஸ் தாள்களில் பெரும்பகுதியும், உயில்களும், ஆங்கிலிக்கன் திருச்சபைப் பதிவேடுகளில் பாதிக்கு மேலும் போயின. ஆனால் 1861, 1871 தாள்களை அரசே முன்னமே அழித்துவிட்டது. 1881, 1891 தாள்கள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக்கூழாகின. கத்தோலிக்கப் பதிவேடுகள் அந்தக் கட்டடத்தில் இல்லை. பங்குகளிலேயே இருந்ததால் தப்பின.

கேள்வி: ஒரே பெயருக்கு 1901 சென்சஸில் 52 வயது, 1911இல் 70 வயது. ஆள் வேறா?

பதில்: பெரும்பாலும் அதே ஆள்தான். 1909 ஜனவரியில் 70 வயதானவர்களுக்கு முதியோர் பென்ஷன் வந்தது. பலருக்கு வயது திடீரென்று ஏறியது அதனால்தான். பிறப்புப் பதிவு 1864இல்தான் தொடங்கியது என்பதால், வயதை நிரூபிக்க 1841, 1851 சென்சஸ்களில் தேடச் சொல்லி விண்ணப்பித்தார்கள். அந்தத் தேடல் படிவங்கள் இன்றும் உள்ளன. எரிந்துபோன சென்சஸில் ஒரு வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்பது சில சமயம் இவற்றில் மட்டும்தான் இருக்கும்.

கேள்வி: மர்ஃபி குடும்பத்தின் கேடயச் சின்னம் வேண்டும்.

பதில்: சின்னம் தனி நபருக்கு வழங்கப்படுவது, குடும்பப்பெயருக்கு அல்ல. அது என் துறையும் இல்லை.

கேள்வி: 1881 சென்சஸுக்குக் கட்டணம் உண்டா?

பதில்: மேலே சொன்ன பதிலைப் படியுங்கள்.

கேள்வி: பொன்மலையிலிருந்து மறுபடியும். விடுவிப்புத் தாள் கிடைத்தது! 'கில்மர்ரி பங்கு, கிளேர்' என்று இருக்கிறது.

பதில்: ரொம்ப மகிழ்ச்சி. ஆனால் கிளேர் மாவட்டத்தில் கில்மர்ரி என்று தொடங்கும் சிவில் பங்குகள் (அரசு நிர்வாகப் பிரிவுகள்) மூன்று உண்டு: வெறும் கில்மர்ரி, கில்மர்ரி இப்ரிக்கன், கில்மர்ரி மக்மஹோன். கிரிஃபித் மதிப்பீட்டில் (19ஆம் நூற்றாண்டின் நில, வீட்டு வரி மதிப்பீட்டுப் பட்டியல்) மூன்றிலும் மர்ஃபிகளைப் பாருங்கள்; தாத்தா கப்பலேறியிருந்தாலும் அப்பாவோ அண்ணனோ நிலத்தில் இருந்திருக்கலாம். அப்புறம் அயர்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் கத்தோலிக்கப் பதிவேடுகள். கத்தோலிக்கப் பங்கின் எல்லையும் சிவில் பங்கின் எல்லையும் ஒன்றல்ல. புத்தகம் எந்த ஆண்டு தொடங்குகிறது என்பதையும் முதலில் பாருங்கள். பெயர் லத்தீனில் இருக்கலாம்: ஜேம்ஸ் என்றால் யாக்கோபுஸ், வில்லியம் என்றால் குலியெல்முஸ். ஞானப்பெற்றோர் பெயர்களையும் எழுதி வையுங்கள். பெரும்பாலும் அவர்கள் உறவினர்களாகவே இருப்பார்கள்.