மின்சாரம் நின்றால் கணப்படுப்பின் சூடு எங்கே போகிறது?

கேள்வி: கனடாவில் வாழும் என் மகளின் வீட்டில், பழைய செங்கல் கணப்புக்குள் இரும்பு விறகடுப்பு ஒன்றைப் பொருத்தியிருக்கிறார்கள். பனிப்புயலில் மின்சாரம் நின்றபோது, விறகு நன்றாக எரிந்தும் அறை போதிய அளவு சூடாகவில்லையாம். ஏன்?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: நெருப்பில் குறையில்லை, அம்மா. சுமார் 20 விழுக்காடு ஈரமுள்ள விறகு கிலோவுக்கு ஏறத்தாழ 4 கிலோவாட் மணி வெப்பம் தரும். மணிக்கு 2 கிலோ எரித்து, அதில் 70 விழுக்காடு வீட்டுக்குள் தங்கினால், ஐந்தரை கிலோவாட்டுக்குச் சற்று மேல் கிடைக்க வேண்டும். ஆனால் தனித்து நிற்கும் அடுப்பு எல்லாப் பக்கமும் அனல் வீச, சுவருக்குள் புதைந்த இந்த அடுப்பு முன்பக்கக் கண்ணாடி வழியாக மட்டுமே நேரடியாக வீசுகிறது; அடுப்புப் பெட்டியைச் சுற்றித் தேங்கும் சூடான காற்றை அறைக்குள் தள்ளுவது அடுப்போடு இணைந்த மின்விசிறியின் வேலை. அது நின்றதும் அச்சூட்டில் பெரும்பகுதி செங்கல்லுக்கும் புகைபோக்கிக்கும் போய்விடுகிறது, அதிலும் வெளிச்சுவரில் கட்டிய கணப்பென்றால் இழப்பு இன்னும் அதிகம்.

அதை ஈடுகட்ட விறகை அள்ளிப் போட வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள்; பெட்டி அளவுக்கு மீறிச் சூடேறி இரும்பு வளையக்கூடும். நன்கு காய்ந்த விறகைச் சிறுசிறு அளவில், கதவை மூடியே எரிக்கட்டும். (நம் தோட்டத்து லயங்களில் ஈர ரப்பர் கட்டையை ஊதி ஊதிக் கண் எரிந்தவர்களுக்குக் காய்ந்த விறகின் அருமையை விளக்க வேண்டியதில்லை.) அவ்விசிறிக்குப் பெரும்பாலும் 100 வாட்டுக்கு மேல் தேவைப்படாது என்பதால் சிறிய பேட்டரியும் இன்வெர்ட்டரும் சில மணி நேரம் தாங்கும். விறகு எரியும்போது வரக்கூடிய நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கான எச்சரிக்கைக் கருவி பேட்டரியில் இயங்குவதாக இருப்பது கட்டாயம்.