நேரம் கிடைக்கவில்லையாம்!

கேள்வி: கொக்குவிலில் புது வீடு கட்டி ஆவணியில் குடிபூரல் வைத்தோம். லண்டனில் இருக்கிற அண்ணாதான் பெரும்பங்கு காசு அனுப்பியவர். சாத்திரியார் திடீரென்று நாள் வைத்துத் தந்ததால் அவருக்குச் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. போட்டோக்காரர் எடுத்த படங்களை அன்று இரவே வட்ஸ்அப்பில் போட்டோம். ஒரு படத்தில் ஏ.எல். படிக்கும் என் மகன் வாசற்படியில் நின்று இரண்டு விரலை விரித்துக் காட்டுகிறான்; புறங்கை எங்களைப் பார்த்தபடி இருக்கிறது. அண்ணா "இது எனக்கோ?" என்று மட்டும் எழுதிவிட்டுக் குழுவை விட்டுப் போய்விட்டார். இரண்டு மாதமாகக் கதையில்லை. இங்கே அந்த விரலுக்குக் கெட்ட கருத்து இல்லை என்று எப்படி விளங்கப்படுத்துவது?
- கொக்குவில் வாசகி

பதில்: விரலை முதலில் முடித்துவிடுவோம் தங்கச்சி, அது சின்ன விஷயம்.

பிரித்தானியாவில் உள்ளங்கை வெளியே தெரிய இரண்டு விரலைக் காட்டினால் வெற்றி. 1941இல் பெல்ஜியக்காரருக்கான பிபிசி ஒலிபரப்பில் தொடங்கிய பிரசாரம் அது; சேர்ச்சில் பிடித்துக்கொண்டதும் ஊரெல்லாம் பரவியது. அதே விரலைப் புறங்கை தெரியக் காட்டினால் வாயால் சொல்லக் கூசுகிற திட்டு. அவுஸ்திரேலியாவிலும் அப்படித்தான். 1992 ஜனவரியில் கன்பராவில் அமெரிக்க ஜனாதிபதி மூத்த புஷ், ஆர்ப்பாட்டம் செய்த விவசாயிகளுக்குக் காரில் இருந்தபடி வெற்றி காட்டுவதாக நினைத்துப் புறங்கையைத்தான் காட்டினார். பந்தியில் சோறு போதும் என்று ஐந்து விரலையும் விரித்து மறிக்கிறோமே, அதைக் கிரேக்கரின் முகத்துக்கு நேரே செய்தால் அவமதிப்பு. ஈரானில் பெருவிரலை உயர்த்துவதே பழைய வசைதான். இங்கே இடக்கையால் காசு நீட்டினால் நமக்கு முகம் சுளிக்கிறதல்லவா? உங்கள் பெடியன் போனில் யாரையோ பார்த்துப் பழகியதைச் செய்திருக்கிறான். அவனில் பிழையில்லை.

இனி உங்களிடம் வருகிறேன். "சொல்ல நேரம் கிடைக்கவில்லை." கடிதத்தின் நடுவில் இதைப் போகிறபோக்கில் எழுதிவிட்டு விரலுக்கு ஓடிவிட்டீர்கள். போட்டோக்காரரைப் பிடிக்க நேரம் இருந்தது. ஐயரைக் கேட்க, வாழை கட்ட, கதிரை எடுப்பிக்க, பலகாரம் சுட நேரம் இருந்தது. வீட்டுக்குக் காசு போட்ட அண்ணனுக்கு ஒரு கோல் எடுக்க மட்டும் நேரமில்லை. ஆவணியில் லண்டன் நமக்கு நாலரை மணித்தியாலம் பின்னால். நீங்கள் மாலையில் குத்துவிளக்கு மினுக்கிக்கொண்டிருந்தபோது அவர் அங்கே மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருப்பார். யாரை ஏமாற்றுகிறீர்கள்? சாத்திரியாரில் பழியைப் போடாதேயுங்கள், பாவம் அந்த மனிதர்.

அவர் உங்களுக்கு அண்ணன். அந்தப் பெடியனுக்குத் தாய்மாமன். நம் வீடுகளில் தாய்மாமன் இல்லாமல் எந்த நல்ல காரியத்தைத் தொடங்குகிறோம்? தகப்பன் இல்லாத இடத்தில் அண்ணன்தான் தகப்பன் என்று நான் இன்றும் நம்புகிறேன். பழைய கதை என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். காசு அனுப்புகிறவரிடம் காசுக்கு மட்டும் கதைத்துவிட்டு, பால் பொங்கும்போது மறந்துபோகிற வழக்கம் நம்மில் எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. அங்கே குளிரில் இரண்டு வேலை பார்க்கிறவர்களுக்கு அது தெரியாமல் போகாது, சொல்லாமல் இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அண்ணா கேட்டதைத் திரும்ப வாசியுங்கள். "இது எனக்கோ?" அந்தப் படத்தைப் பார்க்கும்வரை தன் காசில் எழும்பிய வீட்டில் விளக்கேற்றியதே அவருக்குத் தெரியாது. விளக்கு, கும்பம், பந்தி, சிரிக்கிற முகங்கள், அதற்கு நடுவில் மருமகனின் புறங்கை. ஏற்கெனவே நொந்திருந்த மனிதருக்கு அந்தக் கை ஒரு சாட்டு. நீங்களும் அதே சாட்டைப் பிடித்துக்கொண்டு, விரலை விளங்கப்படுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று என்னிடம் வழி கேட்கிறீர்கள்.

விளக்கம் ஒன்றும் எழுதி அனுப்பாதேயுங்கள். வட்ஸ்அப் வேண்டாம், குரல் செய்தியும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் நிற்கிற நேரம் பார்த்து எடுங்கள். எடுக்காவிட்டால் அடுத்த ஞாயிறும் எடுங்கள். "அண்ணா, உங்களுக்குச் சொல்லாமல் குடிபூந்தது எங்கட பிழை" என்று தொடங்குங்கள். சாத்திரியாரும் நாளும் அந்த வசனத்துக்குள் வரக்கூடாது. உங்கள் வீட்டுக்காரரும் கதைக்க வேண்டும், பின்னால் நின்று தலையாட்டினால் போதாது. அண்ணா ஏசுவார். ஏசட்டும், இடையில் வாய் வைக்காதேயுங்கள். பிறகு, அவர் வந்து நின்று பார்க்காத வீடு இன்னும் நிறையவில்லை, எப்போது வருவீர்கள் என்று கேளுங்கள்.

விரல் கதையை அவராக எடுத்தால் மட்டும் போனைப் பெடியனிடம் கொடுங்கள். மாமாவும் மருமகனும் பேசித் தீர்த்துக்கொள்வார்கள்.