பால் எடுத்துக் கொடுக்கும் அம்மாக்களுக்கு: கேள்வி பதில்

பிரசவம் முடிந்த முதல் சில வாரங்களில் தாய்ப்பாலைப் பீய்ச்சிக் கொடுப்பவர்களும், அவர்கள் கூட இருப்பவர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. பாலூட்டல் ஆலோசகராக எனக்கு இவற்றில் பலவும் அன்றாடம் கேட்பவைதான். அளவுகளை எல்லாம் நிறைமாதத்தில் நலமாகப் பிறந்த குழந்தையை வைத்தே சொல்கிறேன்.

அக்கா, நேற்று சிசேரியன் ஆனது. குழந்தை மார்பைப் பிடிக்கவே இல்லை. பம்ப் வைத்துப் பார்த்தேன், பாட்டிலின் அடியில் ஈரம் மட்டும்தான். எனக்குப் பாலே இல்லையா?

இருக்கிறது. இப்போது சுரப்பது சீம்பால். தேன் மாதிரி கெட்டியாக, மஞ்சளாக, சொட்டுச் சொட்டாகத்தான் வரும். பம்ப் வைத்தால் அந்தச் சொட்டுகள் புனலிலும் குழாயிலும் ஒட்டிக்கொண்டு வீணாகிவிடும். அதனால் முதல் இரண்டு மூன்று நாள் கையால் பீய்ச்சுங்கள்.

கட்டைவிரல் மேலே, மற்ற விரல்கள் கீழே. காம்பிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளிப் பிடியுங்கள். முதலில் நெஞ்சுப் பக்கமாக உள்ளே அழுத்துங்கள், அப்புறம் விரல்களைச் சேர்த்து அமுக்குங்கள், விடுங்கள். அதே தாளத்தில் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். விரல் தோல்மேல் வழுக்கக் கூடாது, காம்பை இழுக்கவும் கூடாது. முதலில் ஒன்றும் வராது. விடாமல் செய்தால் காம்பின் நுனியில் ஒரு மஞ்சள் துளி திரண்டு நிற்கும். அதை ஒரு சின்னக் கரண்டியில் ஏந்துங்கள், அல்லது ஊசி இல்லாத 1 மி.லி. சிரிஞ்சில் உறிஞ்சிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் நின்றுபோனால் மறுபக்கம், பிறகு மீண்டும் முதல் பக்கம்.

முதல் 24 மணி நேரத்தில் குழந்தைக்கு ஒரு வேளைக்கு 2 முதல் 10 மி.லி. போதும். இரண்டாம் நாள் 5 முதல் 15, மூன்றாம் நாள் 15 முதல் 30, நான்காம் நாள் 30 முதல் 60 என்று ஏறும். சிசேரியன் ஆனவர்களுக்குப் பால் இறங்குவது சற்றுத் தாமதமாகலாம். இதற்கிடையில் குழந்தையின் சர்க்கரை அளவு இறங்கிவிட்டது, மஞ்சள் காமாலை கூடுகிறது என்று டாக்டர் வேறு பால் சேர்க்கச் சொன்னால் தயங்காமல் கொடுங்கள். கொடுத்துவிட்டு நீங்கள் பீய்ச்சுவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை தடவை எடுக்க வேண்டும்? இரவில் விட்டுவிடலாமா?

24 மணி நேரத்தில் 8 முதல் 10 தடவை. இதை மட்டும் அழுத்திச் சொல்வேன், ஏனென்றால் பின்னால் பால் குறைந்துவிட்டது என்று வருகிறவர்களில் நிறையப் பேரிடம் விசாரித்தால் முதல் இரண்டு வாரத்தில் நாலைந்து தடவைதான் எடுத்திருப்பார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நஞ்சுக்கொடி வெளியேறியதும் உடம்பில் புரோஜெஸ்டிரோன் சட்டென்று இறங்கும். அதனால்தான் இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் பால் நிறைகிறது. இதுவரை ஹார்மோனே பார்த்துக்கொள்ளும். அதற்குப் பிறகு, எவ்வளவு வெளியே போகிறதோ அதைப் பொறுத்துத்தான் சுரக்கும். நிறைந்தே கிடக்கும் மார்பு, சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். ஒரே தடவையில் நிறைய எடுப்பதைவிட அடிக்கடி எடுப்பதே முக்கியம் என்று சொல்வது இதனால்தான்.

பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் இரவில் கூடுதலாக இருக்கும். எனவே நள்ளிரவுக்கும் விடியற்காலைக்கும் நடுவில் ஒரு தடவையாவது எழுந்து எடுங்கள். தொடர்ந்து 4, 5 மணி நேரம் தூங்கலாம், அந்தத் தூக்கம் உங்களுக்குத் தேவை. மற்றபடி கடிகாரத்தைப் பார்த்து மூன்று மணிக்கொரு முறை என்று இருக்க வேண்டாம். காலையில் ஒன்றரை மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை எடுத்துவிட்டு, பிற்பகலில் கொஞ்சம் விட்டுக்கூட எடுக்கலாம். நாளின் மொத்தக் கணக்கு குறையாமல் இருந்தால் சரி.

ஒவ்வொரு தடவையும் 15 முதல் 20 நிமிடம். இரண்டு பக்கமும் ஒன்றாக எடுக்கும் பம்ப் கிடைத்தால் நேரம் பாதியாகும். எடுக்கும்போதே கையால் மார்பை மெதுவாக அமுக்கிக்கொண்டிருந்தால், கடைசியில் ஓரிரு நிமிடம் கையாலும் பீய்ச்சினால், பம்ப் மட்டும் வைப்பதைவிடக் கூடுதலாக வரும்.

என் மனைவி பம்ப் வைக்கும்போதெல்லாம் வலியில் கண் கலங்குகிறார். இது போகப்போகச் சரியாகிவிடும் என்கிறார்கள். உண்மையா?

இல்லை தம்பி. வலியைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். வலித்தால் பாலை இறக்கும் ஆக்சிடோசினும் சரியாக வேலை செய்யாது.

முதலில் புனலின் அளவைப் பாருங்கள். பெட்டியோடு வரும் புனல் எல்லோருக்கும் பொருந்துவதில்லை. பம்ப் ஓடும்போது காம்பு மட்டும் குழாய்க்குள் தாராளமாக முன்னும் பின்னும் போய்வர வேண்டும். காம்பு பக்கச் சுவரில் உரசினால் புனல் சின்னது. காம்பைச் சுற்றியுள்ள கருவட்டமும் சேர்ந்து உள்ளே போனால் பெரியது. அப்புறம் இழுவிசை. அதிகம் வைத்தால் அதிகம் வரும் என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு. ஆரம்பத்தில் லேசாகவும் வேகமாகவும், பால் சொட்டத் தொடங்கியதும் நிதானமாகவும் சற்று ஆழமாகவும், ஆனால் வலிக்காத அளவில் வைக்கச் சொல்லுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் வலித்தாலோ, காம்பில் வெடிப்பு இருந்தாலோ நேரில் ஒருவரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று, பம்ப் பாகங்களைக் கழுவும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஒவ்வொரு தடவையும் 10 நிமிடம் ஓய்வு கிடைக்கும்.

எப்படிக் கழுவுவது?

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, பால் பட்ட பாகங்களைக் கழற்றி, இதற்கென்றே வைத்த ஒரு பாத்திரத்தில் சோப்பும் சூடான தண்ணீரும் விட்டுத் தேய்த்து அலசுங்கள். பாத்திரம் கழுவும் தொட்டியில் நேரடியாகப் போடாதீர்கள். துணியால் துடைக்காமல் காற்றில் உலர விடுங்கள். குழந்தைக்கு 2 மாதம் ஆகும்வரை, தினம் ஒரு தடவை 5 நிமிடம் கொதிக்க வைத்து எடுங்கள்.

குழந்தை 31 வாரத்தில் பிறந்துவிட்டான். என்.ஐ.சி.யு.வில் (பிறந்த குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) இருக்கிறான். நான் வார்டில் தனியாக இருக்கிறேன். என்னால் என்ன செய்ய முடியும்?

உங்களால் மட்டுமே செய்ய முடிகிற ஒன்று இருக்கிறது அம்மா. குறைமாதக் குழந்தைகளின் குடலைத் தாக்கும் ஆபத்தான அழற்சி நோய் ஒன்று உண்டு. தாய்ப்பால் பெறும் குழந்தைகளுக்கு அது வரும் வாய்ப்புக் குறைவு. எனவே பிறந்த சில மணி நேரத்துக்குள் பீய்ச்சத் தொடங்குவது நல்லது. நேரம் கடந்திருந்தாலும் பரவாயில்லை, இன்றே ஆரம்பியுங்கள். கால் மி.லி. கிடைத்தாலும் நர்ஸிடம் கொடுங்கள். குழந்தையால் இன்னும் குடிக்க முடியாவிட்டாலும் அந்தச் சீம்பாலைப் பல பிரிவுகளில் வாயின் உட்புறத்தில் தடவிவிடுவார்கள்.

ஒவ்வொரு பாட்டிலிலும் குழந்தையின் அடையாளம், தேதி, நேரம் எழுதுங்கள். எப்படிச் சேமிப்பது என்பதில் உங்கள் பிரிவின் விதியையே பின்பற்றுங்கள், அது வீட்டு விதியைவிடக் கடுமையாக இருக்கும். தாய்ப்பாலில் சத்துப்பொடி கலக்கிறார்கள் என்றால் உங்கள் பாலில் குறை என்று பொருள் இல்லை. அந்த எடைக் குழந்தைக்குப் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் கூடுதலாக வேண்டும், அவ்வளவுதான்.

டாக்டர் அனுமதித்ததும் குழந்தையை வெறும் மார்போடு மார்பாக அணைத்து வைத்துக்கொள்ளுங்கள். அதை முடித்த கையோடு பம்ப் வைத்துப் பாருங்கள், பலருக்குப் பால் கூடுதலாக வரும்.

என் மருமகள் எடுத்து வைக்கும் பால் தண்ணீராக, லேசான நீல நிறத்தில் இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் மேலே ஆடை மாதிரி படிகிறது. கெட்டுவிட்டதா? சத்து இருக்குமா?

கெடவில்லை அம்மா. பீய்ச்சத் தொடங்கும்போது வரும் பாலில் கொழுப்புக் குறைவு, போகப்போகக் கூடும். நிற்கும்போது அந்தக் கொழுப்புத்தான் மேலே படிகிறது. பாட்டிலை மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும். உங்கள் மருமகளிடம் பால் நன்றாக இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள். இந்த நாட்களில் வீட்டுப் பெரியவர் வாயால் அதைக் கேட்பது பெரிய தெம்பு.

எவ்வளவு நேரம் வெளியே வைக்கலாம், ஃபிரிட்ஜில் எத்தனை நாள்?

25 டிகிரிக்கு மிகாத அறையில் 4 மணி நேரம். அதைவிட வெக்கையான இடம் என்றால் உடனே குளிரில் வையுங்கள். ஃபிரிட்ஜில் 4 நாள், கதவுப் பக்கம் வேண்டாம், உள்ளே பின்பக்கமாக வையுங்கள். மைனஸ் 18 டிகிரி ஃபிரீசரில் 6 மாதம்வரை நல்ல தரத்தோடு இருக்கும். உறைந்ததை ஃபிரிட்ஜில் உருக்கினால், முழுக்க உருகியதிலிருந்து 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். மறுபடி உறைய வைக்கக் கூடாது. இப்போது எடுத்த வெதுவெதுப்பான பாலைக் குளிர்ந்த பாலோடு நேரே ஊற்றாமல், அதையும் குளிரவைத்துச் சேருங்கள்.

சூடாக்க, பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தினால் போதும். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம். வெளியே வெதுவெதுப்பாகத் தெரியும், உள்ளே ஓரிடத்தில் கொதித்துக்கொண்டிருக்கும், குழந்தையின் வாய் வெந்துவிடும்.

பாட்டிலில் கொடுத்தால் மடமடவென்று குடித்துவிட்டு எதுக்களிக்கிறாள்.

படுக்க வைத்து பாட்டிலைக் கவிழ்த்துப் பிடித்தால், பிள்ளை வேண்டாம் என்று நினைத்தாலும் பால் வாயில் இறங்கிக்கொண்டே இருக்கும். விழுங்காமல் என்ன செய்வாள்? கிட்டத்தட்ட உட்கார்ந்த நிலையில் பிடியுங்கள். பாட்டிலைப் படுக்கைவசமாக, காம்பில் பால் நிற்கிற அளவுக்கு மட்டும் சாய்த்துப் பிடியுங்கள். மெதுவாக வரும் காம்பாகப் பார்த்து வாங்குங்கள். சில மடக்குக்கு ஒருமுறை பாட்டிலைத் தாழ்த்தி மூச்சு வாங்க விடுங்கள். முகத்தைத் திருப்பினாலோ, விரல்களை விரித்துத் தளரவிட்டாலோ போதும் என்று அர்த்தம். மீதியை ஊட்டித் தீர்க்க வேண்டாம். முதல் நாட்களில் சிறு கிண்ணம், கரண்டி, பாலாடை எதிலும் கொடுக்கலாம், ஊற்றாமல் குழந்தையே நக்கிக் குடிக்கும்படி பிடிக்க வேண்டும்.

போதுமான அளவு குடிக்கிறாளா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

டயப்பரைப் பாருங்கள். முதல் நாள் ஒரு ஈரம், இரண்டாம் நாள் இரண்டு என்று கூடி, ஐந்தாறு நாளில் தினம் 6 தடவைக்குமேல் சிறுநீர் போக வேண்டும். கறுப்பு மலம் நாலைந்து நாளில் மஞ்சளாக மாறியிருக்க வேண்டும். எடை முதலில் கொஞ்சம் இறங்கும். 10 சதவீதத்தை நெருங்கினால் டாக்டர் பார்த்தாக வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும். முதல் வாரக் கடைசியில் ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 150 மி.லி. என்பது தோராயக் கணக்கு: 3 கிலோ குழந்தைக்கு 450 மி.லி. எழுப்பினாலும் எழாமல் குழந்தை துவண்டு கிடந்தால் கணக்கெல்லாம் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

ஒரு பக்கம் கல் மாதிரி கட்டிக்கொண்டு சிவந்திருக்கிறது. சுத்தமாகக் காலியாகும்வரை பம்ப் வைக்கச் சொல்கிறார்கள், அழுத்தித் தேய்க்கவும் சொல்கிறார்கள்.

இரண்டும் வேண்டாம். அழுத்தித் தேய்த்தால் உள்ளே வீக்கம் கூடும். வழக்கமான நேரத்தில் வழக்கமான அளவு எடுங்கள், இடையில் துணியில் சுற்றிய ஐஸ் வையுங்கள். வலிக்குப் பாரசிட்டமாலோ இபுபுரூஃபனோ பால் கொடுக்கும்போதும் எடுக்கலாம், உங்களுக்கு ஏற்றதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். காய்ச்சல் இருந்தாலோ, ஒரு நாளில் குறையாவிட்டாலோ டாக்டரிடம் போங்கள். அந்தப் பாலைக் குழந்தைக்குக் கொடுக்கலாம்.

பம்ப்பிலேயே பழகிவிட்டால் பிறகு மார்பில் குடிக்கவே மாட்டானா?

நிறையக் குழந்தைகள் வாரங்கள் கழித்தும் திரும்பியிருக்கிறார்கள். பசியில் கத்தும்போது முயலாதீர்கள். கொஞ்சம் பால் கொடுத்துப் பசி அடங்கியதும், நீங்கள் சாய்ந்து படுத்து, வெறும் மேனியாக மார்பின் மேல் விடுங்கள். அவனாகத் தேடட்டும். திரும்பாவிட்டாலும், பம்ப் செய்து கொடுப்பதும் தாய்ப்பால் கொடுப்பதுதான். யாராவது வேறு மாதிரி பேசினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

சூடாக்கிய பாலைப் பாதி குடித்துவிட்டுத் தூங்கிவிட்டான். மீதியை ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

வேண்டாம். வாய் வைத்ததை, அவன் குடித்து முடித்ததிலிருந்து 2 மணி நேரத்துக்குள் கொடுக்கலாம், அப்புறம் ஊற்றிவிட வேண்டும். கஷ்டப்பட்டு எடுத்த பாலை ஊற்றுவது எவ்வளவு வலிக்கும் என்று தெரியும். அதனால் 30 மி.லி., 40 மி.லி. என்று சின்னச் சின்னதாகச் சேமியுங்கள். போதாவிட்டால் இன்னொன்றைச் சூடாக்கிக்கொள்ளலாம்.