மாத்திரை விலையும் லாபியும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நான் ஓய்வுபெற்ற வங்கி ஊழியன். நியூஜெர்சியில் மகள் வீட்டுக்கு வந்து நான்கு மாதமாகிறது. பக்கத்து வீட்டு அமெரிக்க முதியவரோடு காலையில் நடக்கப் போவேன். சர்க்கரை மாத்திரைக்கு அவர் ஆகும் செலவைச் சொன்னபோது நம்பவே முடியவில்லை. “எல்லாம் லாபிக்காரர்கள் செய்த வேலை” என்றார். காசு வாங்கிக்கொண்டு கம்பெனிகளுக்காக அரசிடமும் சட்டம் செய்பவர்களிடமும் பேசும் இந்த லாபிக்காரர்கள் அரசிடம் பெயரைப் பதிந்துகொண்டு, யாரிடம் எவ்வளவு வாங்கினோம் என்று கணக்கும் கொடுப்பார்களாம். காசு கொடுத்துச் சட்டத்தை வளைத்தால் அது லஞ்சம்தானே? அதற்கு எப்படி அனுமதி கொடுத்தார்கள்?

கே. எம்.

அன்புள்ள கே. எம்.,

லஞ்சம் அங்கேயும் குற்றம்தான். ஜாக் ஏப்ரமாஃப் என்ற பெரிய லாபியிஸ்ட் 2006இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். அவரிடம் சலுகை பெற்ற பாப் நேய் என்பவரும் போனார். அவர் காங்கிரஸ் என்று அழைக்கப்படும் அமெரிக்க நாடாளுமன்றத்தின் உறுப்பினர். ஆனால் உங்கள் நண்பரின் மாத்திரை விலையில் யாரும் அப்படிச் சிக்கவில்லை. எனக்கு அதுதான் அதிகம் உறுத்துகிறது.

குறையைத் தீர்க்கச் சொல்லி அரசிடம் மனுக் கொடுக்கும் உரிமை அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் திருத்தத்திலேயே இருக்கிறது. விவசாயிக்கும் தொழிற்சங்கத்துக்கும் இருக்கும் அதே உரிமை மருந்துக் கம்பெனிக்கும் உண்டு. அதனால் லாபியைத் தடை செய்ய முடியாது, பதிவு செய்யச் சொல்லலாம். 1995இல் வந்த சட்டம் அதைத்தான் செய்தது.

சரி, மாத்திரைக்கு வருவோம். 2003 நவம்பர் 22, சனிக்கிழமை, விடிகாலை மூன்று மணி. முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரில் மருந்துச் செலவையும் சேர்க்கும் மசோதா காங்கிரஸின் கீழவையான பிரதிநிதிகள் சபையில் ஓட்டெடுப்புக்கு வந்தது. வழக்கமாகக் கால் மணி நேரத்தில் முடிகிற காரியம். எண்ணிக்கை தோல்வியைக் காட்டியதால் ஓட்டெடுப்பை முடிக்காமல் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் இழுத்தார்கள். சுகாதார அமைச்சர் டாமி தாம்ப்சன் சபைக்குள்ளேயே வந்து ஒவ்வொருவராகப் பிடித்துப் பேசினார். அதிபர் புஷ் உறுப்பினர்களைத் தொலைபேசியில் அழைத்தார். ஆறு மணிக்குச் சற்று முன்பு 220க்கு 215 என்று நிறைவேறியது.

முதியவர்களுக்கு மருந்து கிடைக்க வழி செய்த சட்டம் அது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் உள்ளே ஒரு வரி இருந்தது: மருந்துக் கம்பெனிகளும் அந்தத் திட்டத்தை நடத்தும் தனியார் காப்பீட்டுக் கம்பெனிகளும் விலை பேசும்போது அரசு தலையிடக் கூடாது. முன்னாள் ராணுவத்தினருக்கான அரசுத் துறை தன் ஆட்களுக்காகப் பேரம் பேசி மலிவாக வாங்கிக்கொண்டிருந்தது. நாட்டிலேயே மிகப் பெரிய வாடிக்கையாளரான மெடிகேர் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது என்றாகிவிட்டது. மசோதாவை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் பில்லி டாஸின், சபையின் எரிசக்தி, வணிகக் குழுவின் தலைவர். காங்கிரஸை விட்டு விலகியதும், 2005 ஜனவரியில், மருந்துக் கம்பெனிகளின் சங்கத்துக்குத் தலைவரானார். சட்டப்படி இதில் குற்றம் இல்லை.

அந்த வரி 19 வருடம் அசையாமல் இருந்தது. அதனால் ஒரு முதியவருக்கு மாதம் சில டாலரோ பல டாலரோ கூடுதலாகப் போயிருக்கும். அதற்காக அவர் வாஷிங்டனுக்குப் போய் உட்கார முடியாது. கம்பெனிக்கோ அந்த ஒரு வரியில் பல நூறு கோடி டாலர் இருக்கிறது. வருடம் 365 நாளும் அங்கே ஆள் வைத்திருப்பது அதற்குக் கட்டுப்படியாகும். அந்த ஆள் பணப்பெட்டியோடு போக வேண்டியதில்லை. உறுப்பினரின் அலுவலகத்தில் இருக்கும் உதவியாளர் பெரும்பாலும் சின்ன வயதுக்காரர். ஒரே நாளில் மருந்து, அணை, வரி என்று பத்து விஷயங்களைப் பார்க்க வேண்டும். விவரம் தெரிந்த ஒருவர் புள்ளிவிவரத்தையும், எழுதித் தயாராக வைத்த திருத்தத்தையும் கையில் கொடுத்தால் வாங்கிக்கொள்ளத்தான் செய்வார். நாளைக்கு அந்த உதவியாளரே அதே வேலைக்குப் போகக்கூடும். தேர்தல் நன்கொடை இந்தக் கதவைத் திறந்து வைக்கிறது. லஞ்சம் என்று நாம் கவரைத் தேடிக்கொண்டிருந்தால் இது கண்ணிலேயே படாது.

அப்புறம், முதியவர்களுக்கும் லாபி உண்டு. ஏஏஆர்பி என்ற முதியோர் சங்கத்தின் உறுப்பினர்கள் மூன்றரைக் கோடிக்கும் மேல். 2003இல் அந்தச் சங்கமே மசோதாவை ஆதரித்தது. கோபத்தில் பல்லாயிரம் பேர் விலகினார்கள். பிறகு அதே சங்கம் அந்த வரியை நீக்கப் பாடுபட்டது. 2022 ஆகஸ்டில் மேலவையான செனட்டில் 50க்கு 50 என்று நின்று, துணை அதிபர் கமலா ஹாரிஸின் ஓட்டால் புதிய சட்டம் நிறைவேறியது. முதலில் 10 மருந்துகளுக்கு அரசு பேரம் பேசியது. உங்கள் நண்பர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. ஜனுவியாவாக இருக்கலாம். நம்மூர் மருந்துக் கடையில் சிட்டாகிளிப்டின் என்று கேட்டு வாங்குவோமே, அதுதான். ஒரு மாத மாத்திரையின் பட்டியல் விலை 527 டாலர். பேசி முடித்த விலை 113. 2026 ஜனவரி முதல் மெடிகேரில் இதுதான் விலை.

இன்சுலின் கதை இன்னும் மோசம். கண்டுபிடித்தவர்கள் அதன் காப்புரிமையை டொரான்டோ பல்கலைக்கழகத்துக்குத் தலைக்கு ஒரு டாலருக்குக் கொடுத்தார்கள். அந்த மருந்துக்கு, 2022 சட்டத்தில், மாதம் 35 டாலருக்கு மேல் வசூலிக்கக் கூடாது என்று மெடிகேரில் இருப்பவர்களுக்கு வரம்பு வைத்தார்கள். தனியார் காப்பீட்டில் இருப்பவர்களுக்கும் அதைத் தர 57 செனட்டர்கள் ஓட்டுப் போட்டார்கள், 43 பேர் எதிர்த்தார்கள். செனட் விதிப்படி அந்தப் பகுதிக்கு மட்டும் 60 ஓட்டு வேண்டும் என்பதால் விழுந்துவிட்டது. இந்த எண்களை எப்போது பார்த்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. நாடெங்கும் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு, 2023இல்தான், கம்பெனிகள் விலையைக் குறைப்பதாக அறிவித்தன.

ஜெயித்துவிட்டோம் என்று வீட்டுக்குப் போகவும் முடியாது. 2025 ஜூலையில் கையெழுத்தான பெரிய வரிச் சட்டத்துக்குள், அரிய நோய்களுக்கான மருந்துகளில் இன்னும் பலவற்றைப் பேரத்திலிருந்து விலக்கும் பிரிவு ஒன்று சேர்ந்துவிட்டது. வரிச் சண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் எத்தனை பேர் அதைக் கவனித்திருப்பார்கள்?

நீங்கள் வங்கியில் இருந்தவர், கணக்குப் படிக்கத் தெரிந்தவர். லாபிக் கணக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கலாகிறது, இணையத்தில் யாரும் பார்க்கலாம். மொத்தம் ஆண்டுக்கு 400 கோடி டாலரைத் தாண்டுகிறது. நண்பரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, அவர் மாத்திரையைச் செய்யும் கம்பெனியின் பெயரைத் தட்டிப் பாருங்கள். எந்தெந்த மசோதாக்களைப் பற்றிப் பேசினார்கள், மொத்தம் எவ்வளவு செலவு என்று இருக்கும். எந்த உறுப்பினரைப் பார்த்துப் பேசினார்கள் என்பது இருக்காது, அதைக் காட்டச் சட்டம் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை அவர் தன் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்கட்டும். ஓட்டு அவருடையது. என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.